விரல் காட்டிய இடத்தில்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இ-சேவை மையம் வைத்துப் பிழைக்கிற தம்பி தங்கைகள் சேர்ந்து, "அக்கா, உங்க அனுபவத்துலேர்ந்து நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. திட்டு வேண்டுமானால் நிறைய இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் என் தட்டச்சு நிலையத்துக்கு மனு எழுத வந்தவர்களில் என்னிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. பிறந்த தேதி கேட்டால் பேந்தப் பேந்த முழிப்பவரைத் திட்டுவேன், தேதியை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்பவரையும் திட்டுவேன். ஆனால் இன்றைக்கு எழுதப் போவது நான் திட்டின கதை இல்லை, என்னையே நான் திட்டிக்கொண்ட கதை.

உங்கள் கடைகளுக்கு இரண்டு மூன்று முறை வந்து உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டர், ஸ்கேனர் எல்லாம் ஜோராக இருக்கிறது. ஒன்று மட்டும் மாறவில்லை. எழுதி முடித்ததும் காகிதத்தைத் திருப்பி வைத்து, விரலால் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு சைன் போடுங்க" என்கிறீர்கள். அவர்களும் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் அப்போது என்ன பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

அப்போதெல்லாம் எங்கள் கடையில் 'மருமகள் செட்' என்று ஒன்று வைத்திருந்தேன். நானே வைத்த பெயர்தான். கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்தால் நம் பக்கத்தில் முதல் வேலை ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, இரண்டாவது வேலை ஓட்டர் லிஸ்டில் சேர்ப்பது. ரெண்டு மனுவையும் முன்கூட்டியே தட்டச்சு செய்து கட்டாக அடுக்கி வைத்திருப்பேன். ஆள் வந்ததும் பெயர், வயது, கணவர் பெயர் மட்டும் எழுதினால் போதும். முகூர்த்த மாதங்களுக்குப் பிறகு வரிசை தெரு வரைக்கும் நிற்கும். அப்படிச் செய்து கொடுப்பதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம். பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாம் நடந்த சமயம். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து அங்கம்மாள் என்று ஓர் அம்மாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் இல்லாதவர், வீட்டுக் கார்டுக்கு அவர்தான் குடும்பத் தலைவர். மருமகள் பெயர் கோமளா. நாலு மாதக் கர்ப்பம், பார்த்தாலே தெரிந்தது. மஞ்சள் கயிறு, புதுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். வாய் திறந்து பேசவில்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

"பொறந்த வூட்டுக் கார்டுலேர்ந்து பேரு நீக்குன சீட்டு எங்க?" என்று கேட்டேன். அந்தச் சீட்டு இல்லாமல் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க மாட்டார்கள்.

"அவங்களுக்குக் கார்டே கிடையாதுங்க" என்றார் அங்கம்மாள்.

கார்டே இல்லாத வீடு எங்கே இருக்கிறது, ஏன் இல்லை என்று கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. ஏதோ பிழைக்கப் போன குடும்பம், கார்டு வாங்காமல் விட்டிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, 'பிறந்த வீட்டில் குடும்ப அட்டை இல்லை' என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். ஓட்டர் லிஸ்ட் மனுவையும் நிரப்பினேன். அங்கம்மாளிடம் மை அட்டையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினேன், கைநாட்டு வைத்தார். மருமகளிடம் பேனாவைக் கொடுத்து இன்னோர் இடத்தைக் காட்டினேன். அந்தப் பெண் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சீக்கிரம் போடும்மா, பின்னால ஆளு நிக்குது" என்றேன். போட்டுவிட்டாள். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கம்மாளின் மகன் செல்வராசு என் கடைக்கு வந்தான். வேப்பந்தட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். அதற்கு முன் ஏழெட்டு வருடம் மலேசியாவில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தவன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் என்னிடம் வந்தது மனைவியின் விசாவுக்காக.

மனைவி மலேசியப் பிரஜை. தமிழ்ப் பெண்தான், மூன்று தலைமுறைக்கு முன் தோட்ட வேலைக்குப் போன குடும்பம். அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்து, இந்தியரின் மனைவி என்கிற முறையில் ஒரு வருட விசா வாங்கிக்கொண்டு வந்தார்கள். வந்த கையோடு அவனே காவல் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவும் செய்துவிட்டிருக்கிறான். சொந்தக்காரர்களுக்காகச் சிறுவாச்சூர் கோயிலில் இன்னொரு தடவை தாலி கட்டியிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமையோடு விசா முடிகிறது. அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கப் போகிறது.

யாரோ உறவுக்காரர் சொன்னாராம், இந்திய வம்சாவளி அட்டை என்று ஒன்று இருக்கிறது, ஒரே முறை வாங்கிவிட்டால் விசா தொல்லையே இல்லை என்று. அதற்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றான். நான் அவனைத் திட்டினேன். அந்த அட்டை வர மாதக்கணக்காகும், அடுத்த வியாழக்கிழமை உன் பெண்டாட்டி எந்தக் காகிதத்தின் பேரில் இந்த ஊரில் இருப்பாள் என்று கேட்டேன். முதலில் நாளைக்கு இருக்க ஒரு காகிதம், ஆயுசுக்கு இருக்கும் காகிதம் அப்புறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரிய காகிதத்துக்கு ஆசைப்பட்டுச் சின்னக் காகிதத்தைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விசா நீட்டிப்பு மனுவைத் தட்டச்சில் ஏற்றினேன். முகவரிக்கு ஆதாரம் கேட்டேன். பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினான். உள்ளே கடைசி வரியில் கோமளா, மருமகள் என்று இருந்தது.

"யாருப்பா இதுல வெளிநாட்டுப் பொண்ணு பேரைச் சேத்தது? எந்த முட்டாள் எழுதிக் குடுத்தான்?"

"நீங்கதாங்கக்கா" என்றான்.

தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் கனகாம்பரம் வைத்த அந்தத் தலை ஞாபகத்துக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ரேஷன் கார்டாவது போகட்டும். ஓட்டர் லிஸ்ட் மனுவின் அடியில், 'நான் இந்தியக் குடிமகள்' என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. அதன் கீழேதான் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் விரல் காட்டிய இடத்தில். ஒரு வெளிநாட்டுக்காரி தன்னை இந்தியக் குடிமகள் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. இங்கே அவள் மேல் வழக்கு வரலாம், விசாவை மறுத்துத் திருப்பி அனுப்பலாம். அவளுடைய ஊரில் தெரிந்தால் அந்தக் குடியுரிமைக்கும் ஆபத்து. மனு தாலுகா ஆபீசில் விசாரணைக்குக் காத்திருந்தது, இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

இன்னொரு கத்தி குழந்தையின் தலைக்கு மேல் தொங்கியது. கொஞ்ச காலம் முன்புதான் சட்டம் மாறியிருந்தது. பெற்றவர்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால், அவர் ஒழுங்கான அனுமதியோடு இங்கே இருக்கும்போது பிறந்தால்தான் குழந்தை சிக்கலில்லாமல் இந்தியக் குழந்தை. விசா முடிந்த பிறகு அனுமதி இல்லாமல் இருக்கையில் பிறந்தால் குழந்தை எந்த நாட்டுப் பிள்ளை என்பதே கேள்வியாகிவிடும். ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு வரலாம் என்றால், அந்த வயிற்றோடு விமானத்தில் ஏற்றுவார்களா என்று சந்தேகம், ஏற்றினாலும் அங்கே பார்த்துக்கொள்ள அவளுக்குத் தாயும் இல்லை.

அன்றைக்கு என் கடையில் ஒரு டிராவல்ஸ்காரர் உட்கார்ந்திருந்தார், மீன்சுருட்டி ஊர்க்காரர். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். இதற்குப் போய் ஏன் கலங்குகிறீர்கள், ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டர் கார்டு வரப் போகிறது, அதை வைத்து நம் ஊர்ப் பாஸ்போர்ட்டே எடுத்துவிடலாம், விசாவே வேண்டாம் என்றார். கெட்டவர் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு பொய்யை மறைக்க அவளுக்கு இன்னொரு பொய்யை வாங்கித் தர என்னால் ஆகாது என்று எழுந்து நின்று சொன்னேன். டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

செல்வராசுக்கு வேறு யோசனை. ரேஷன் கார்டை வைக்காமல் வீட்டு வரி ரசீதை வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றான். அது எனக்கும் தோன்றாமல் இல்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் விசா மனு போனால் ஊருக்கு விசாரணைக்கு ஆள் வரும். பக்கத்து வீட்டில் கேட்டால், "கோமளாவா, அதான் ஓட்டு லிஸ்டுல கூட எழுதியாச்சே" என்று பெருமையாகச் சொல்வார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்தப் பெண் வெளிநாட்டவர் என்று விசாரிக்காமல் இரண்டு மனுவையும் எழுதியது நான், உறுதிமொழியைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதும் நான், தவறு அவருடையது அல்ல என்று என் பெயரிலேயே எழுதினேன். பதினைந்து வருடம் அடுத்தவர்களுக்கு மனு எழுதியவள், எனக்காக எழுதின முதல் மனு அதுதான். அடித்துத் திருத்தியதில் இரண்டு தாள் வீணானது.

காவல் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவைப் பார்த்துக்கொண்ட அலுவலர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மனுவைத் திருப்பிக் கொடுப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் நான் ஏதாவது உருப்படியாக எழுதினேன் என்றால் அதற்கு அவர் திருப்பிக் கொடுத்த மனுக்கள்தான் காரணம். அன்று மதியமே கொண்டுபோன என் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதைக் கோப்புல வைக்கட்டுமா, நீங்களே கையில வச்சிக்கிறீங்களா?"

"வைங்க சார்."

"வச்சா உங்க பேரும் இருக்கும். யாராவது கேட்டா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும் சார்."

தாளில் தேதி போட்டு உள்ளே வைத்துக்கொண்டார். பிறகு சொன்னது இவ்வளவுதான்: ஓட்டர் லிஸ்ட் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இரண்டுக்கும் தாலுகா ஆபீசில் சீட்டு வாங்கி வந்தால்தான் நீட்டிப்பு மனுவை வாங்குவார், புதன்கிழமைக்குள். எழுந்து வரும்போது, "தாலுகா ஆபீஸ்ல வழங்கல் அதிகாரி அடுத்த வாரம் மூணு நாளு கிராமத்துக்குப் போறாரு. வெள்ளிக்கிழமையே முடிச்சிடுங்க" என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று மூச்சு விட்டேன். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். குடும்பத் தலைவர் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி.

அன்று சாயந்திரமே செல்வராசுவின் வண்டியில் வேப்பந்தட்டைக்குப் போனேன். முற்றத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. கோமளா காபி கொண்டுவந்து கொடுத்தாள். கார்டிலிருந்து மருமகள் பெயரை நீக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அங்கம்மாளின் முகம் மாறிவிட்டது. எழுந்து போய் கார்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"செத்தாத்தான் கார்டுலேர்ந்து பேரை எடுப்பாங்க. இல்லன்னா, வாழ வேணாமுன்னு அடிச்சி வெரட்டுனா எடுப்பாங்க. வவுத்துல புள்ளையோட நிக்கிறவ பேரை எடுக்கச் சொல்றீங்களே, நீங்களும் ஒரு பொம்பளதானே?"

அந்த அம்மாள் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் கடையில் பெயர் நீக்க மனு என்றால் இறப்பு, இல்லையென்றால் மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்புவது. மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு நான் மனு எழுதியதே இல்லை. விசா, சட்டம், போலீஸ் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில், சிறுவாச்சூர் அம்மன் முன்னால்தான் தாலி கட்டியது, அந்த அம்மனைக் கேட்காமல் பெயரை எடுக்க மாட்டேன், பூப்போட்டுப் பார்க்கிறேன் என்றார். சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அன்று செவ்வாய்.

வாசலுக்கு வந்ததும் செல்வராசு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னான்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கக்கா. கோமளாவோட விசா பேப்பருன்னு சொல்லி கைநாட்டு வாங்கிப்புடலாம். நீங்க எடத்தக் காட்டுனா வச்சிடுவாங்க."

உண்மை. காட்டினால் வைத்துவிடுவார். மூன்று மாதம் முன்பு அப்படித்தானே வைத்தார். காரியமும் மறுநாளே முடிந்துவிடும். பூவில் என்ன வருமோ, வெள்ளிக்கிழமை நடக்காவிட்டால் புதன்கிழமைக்குள் எதுவும் நடக்காது. தம்பிகளே, அந்த வாசலில் நின்ற இரண்டு நிமிடம்தான் என் தொழில் வாழ்க்கையிலேயே கஷ்டமான இரண்டு நிமிடம். கெட்ட காரியத்துக்கு இல்லை, அவர்கள் நன்மைக்குத்தான். மறுபடியும் நன்மைக்குத்தான். போன தடவையும் நான் நன்மைக்குத்தானே விரலைக் காட்டினேன்.

"வேணாம்பா. வெள்ளிக்கெழம வரேன்" என்றேன்.

கோமளா எங்களைத் தாண்டி வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள். அன்றைக்குத்தான் அவள் பேசிக் கேட்டேன்.

"அக்கா, நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. அன்னிக்கு உங்க கடையில அந்த வரியப் படிச்சேன். இந்தியக் குடிமகள்னு இருந்துச்சு. கேக்கலாமான்னு பாத்தேன்."

"ஏன்டியம்மா கேக்கல?"

"நீங்க எல்லாம் தெரிஞ்சவங்க மாதிரி இருந்தீங்க. அப்பறம், பேரு சேந்துட்டா நீ இந்த வூட்டுப் பொண்ணுன்னு அத்த வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அவசரத்தைப் பார்த்துப் பயந்து ஒரு படித்த பெண் தெரிந்தே பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கொடுத்திருந்தால் இவ்வளவும் இல்லை.

புதனும் வியாழனும் கடையில் உட்கார்ந்திருந்தேனே தவிர என்ன எழுதினேன் என்று தெரியாது. பெயர் நீக்கும் மனுவை மட்டும் அடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சிறுவாச்சூர் போனேன். நல்ல கூட்டம். அங்கம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி, அம்மன் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை. வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார்.

பிரித்தார். சிவப்பு.

செல்வராசு தலையில் கை வைத்துக்கொண்டு தூண் பக்கம் உட்கார்ந்துவிட்டான். கோமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமையே அந்தக் கைநாட்டை வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன்.

அங்கம்மாள் அரளியை எடுத்து மருமகள் தலையில் வைத்தார். இடுப்பிலிருந்து கார்டை உருவினார்.

"எங்க வைக்கணும், காட்டுங்க" என்றார் என்னிடம்.

"செவப்பு வந்துச்சேம்மா" என்று செல்வராசு எழுந்து வந்தான்.

"கார்டப் பத்தி நான் ஏன்டா அம்மன்கிட்ட கேக்கறேன்? அவளுக்கு ரேஷன் கார்டு தெரியுமா? இவ என்னைய வுட்டுட்டுப் போயிடுவாளான்னு கேட்டேன். போவ மாட்டான்னு சொல்லிட்டா. அப்பறம் கார்டுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

எங்கள் மூன்று பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கோமளா அழுதுகொண்டே சிரித்தாள். "கார்டுல பேரு இல்லன்னா சோறு போடுவீங்கதானே அத்த?" என்று கேட்டாள். உன் பங்குக்கு அரிசி வராது, அதனால் கொஞ்சமாகப் போடுவேன் என்றார் மாமியார். மை அட்டை என் பையில் தயாராக இருந்தது. ஆனால் நான் அதை வெளியே எடுக்கவில்லை. அங்கேயே பிரகாரத்தில் உட்கார வைத்து மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். 'அயல்நாட்டுக் குடியுரிமை உடையவர் என்பதால்' என்று நான் எழுதியிருந்த காரணத்தை அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, "அடிச்சி வெரட்டுனதா எங்கயும் எழுதலல்ல?" என்றார். இல்லை என்றேன். அதன் பிறகுதான் கைநாட்டு.

மதியத்துக்குள் தாலுகா ஆபீஸ். அங்கே எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் காரணம் போட ரெண்டே கட்டம்தான் இருக்கிறது, இறப்பா, இடமாற்றமா, எதில் எழுதுவது என்று என்னையே கேட்டார். பக்கத்தில் நின்ற அங்கம்மாள் முறைத்த முறைப்பில் அவரே ஓரத்தில் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். ஓட்டர் லிஸ்ட் மனுவைத் தேடி எடுத்துத் திரும்பப் பெற்றதாக முத்திரை குத்த சாயந்திரம் ஆகிவிட்டது. ரெண்டு சீட்டும் கையில் வந்தபோது மணி ஐந்தே கால். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேரும் புரோட்டா சாப்பிட்டோம். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ருசியான புரோட்டா நான் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை அந்த அலுவலர் சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மனுவில் ஒரு புள்ளியும் விட்டுப்போகவில்லை, நான் ஆறு முறை பார்த்திருந்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை எழுதிக் கோமளாவிடம் கொடுத்தார். இதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா சார் என்று செல்வராசு கேட்டான். மனு நேரத்துக்கு வந்துவிட்டது, பிள்ளையை நல்லபடியாகப் பெற்றுக்கொள்ளச் சொல்லு என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே இனிப்பான வார்த்தை. நீட்டிப்பு முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்து ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. செல்வராசு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் கடைக்கு வந்து ஒரு பை நிறைய இனிப்பை மேசை மேல் கொட்டினான். ஒரு தட்டச்சு இயந்திரத்துக்குள் லட்டுத் தூள் விழுந்து 'க' எழுத்து ஒரு வாரம் ஒட்டிக்கொண்டது. அதற்குக்கூட நான் திட்டவில்லை. வம்சாவளி அட்டை அதன் பிறகு ஆற அமரப் போட்டு, ஆற அமர வந்தது.

என் கடிதம் அந்தக் கோப்பில் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். 'மருமகள் செட்'டை மட்டும் அந்த வாரமே கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும், எங்கே பிறந்தாய் என்று கேட்காமல் பேனாவைத் தொட்டதில்லை. படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதில்லை. வரிசை மெதுவாகத்தான் நகரும். "இந்த அக்கா கடையில லேட்டாவும்" என்று பேர் வந்தது. பாதி வாடிக்கை அடுத்த கடைக்குப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது அங்கம்மாள் ஒரு நாள் கடைக்கு வந்தார். பேத்தியை இடுப்பில் வைத்திருந்தார், கோமளா பின்னால் வந்தாள். பேத்தி பெயரைக் கார்டில் சேர்க்க வேண்டும். இந்தியக் குழந்தை, சேர்க்க எந்தத் தடையும் இல்லை. தாய் பெயர் இல்லாத கார்டில் பிள்ளை பெயர் மட்டும் ஏறப் போகிறது. சந்தோஷத்தில் நான் மடமடவென்று எழுதி முடித்து, பழைய கைப்பழக்கத்தில் காகிதத்தைத் திருப்பி வைத்து, விரலை அந்த இடத்துக்குக் கொண்டு போய்விட்டேன்.

அங்கம்மாள் கட்டைவிரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பேத்தியை என் மேசை மேல் உட்கார வைத்தார்.

"மொதல்ல படிங்க" என்றார்.